விண்கலக் கற்பனையும் இயற்பியல் கணக்கும்

விண்வெளிக் கதைகளைத் தொலைக்காட்சியிலே காணாத மாணவர் இன்று நம் விடுதிகளில் அரியர். இரவு உணவு முடிந்ததும் ஓர் அறையில் ஐந்தாறு பேர் கூடுகின்றனர். விண்மீன்களுக்கிடையே ஒரு கலம் பாய்ந்து செல்வதைப் பார்க்கின்றனர். பார்த்தபின் எழும் வாதமே கதையைவிடச் சுவையானது. 'இவையெல்லாம் வெறும் பொய். இயற்பியல் படித்தவன் இவற்றைப் பார்ப்பதே வீண்' என்பர் ஒரு சாரார். 'இன்று பொய், நாளை மெய். விமானத்தையும் ஒரு காலத்தில் பொய் என்றுதானே சொன்னார்கள்?' என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் ஒத்திருக்கின்றனர். இருவருமே கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

'பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கதை என்றால் பொய் இருக்கத்தான் செய்யும். அந்தப் பொய் எத்தனை? அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா? சொன்னபின் அதற்குக் கட்டுப்படுகிறார்களா? இவையே நாம் ஆராயத்தக்கவை. அவ்வாறு ஆராயும்போது மெய்யான இயற்பியல் நமக்கு நன்கு விளங்குகிறது என்பது என் துணிபு. அதனைச் சில சான்றுகளால் விளக்க முயல்கிறேன்.

நான்கு கேள்விகள்

ஒரு கதையாசிரியர் ஒரு விண்கலத்தை நம் முன் நிறுத்தும்போது நான் கேட்கும் கேள்விகள் நான்கு. ஒன்று, இக்கலத்தை முன்னே செலுத்துவது எது? இரண்டு, உள்ளே இருப்பவர் மிதக்காமல் தரையில் நிற்பது எதனால்? மூன்று, பொறியிலே பிறக்கும் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது? நான்கு, இன்று சொன்ன விதி அடுத்த வாரமும் அதே விதியாக இருக்கிறதா? முதல் மூன்றும் இயற்கையைப் பற்றியவை. நான்காவது கதை சொல்பவரின் நேர்மையைப் பற்றியது. முதல் மூன்றில் ஒரு கதை தவறினாலும் நான் பொறுத்துக்கொள்வேன். நான்காவதில் தவறினால் பொறுப்பதற்கில்லை.

எண்டர்பிரைஸ் என்னும் கலம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடர் தொடங்கிற்று. அதைப் படைத்தவர் ஜீன் ராடன்பெரி. அதில் வரும் எண்டர்பிரைஸ் என்னும் கலத்தை வரைந்தவர் மாட் ஜெஃப்ரிஸ். இவர் விமானங்களோடு நெருங்கிப் பழகியவர். 'ராக்கெட்டைப் போல் இருக்கக்கூடாது. வால் சிறகுகள் கூடாது. நெருப்பும் புகையும் கக்கக்கூடாது' என்பது ராடன்பெரி அவருக்கு இட்ட கட்டளை. இத்தனை 'கூடாது'களுக்கு இடையே ஒரு கலத்தை வரைவது எளிதா?

ஜெஃப்ரிஸ் ஒரு பொறியாளரைப் போலச் சிந்தித்தார். விண்மீன் விட்டு விண்மீன் செல்லும் ஆற்றல் உடைய பொறி மனிதர் அருகே இருக்கத்தக்கதன்று எனக் கருதினார். ஆகவே இரு பொறிகளையும் நீண்ட தாங்கிகளின் முனையில், மனிதர் வாழும் தட்டு வடிவப் பகுதியிலிருந்து விலக்கி வைத்தார். பழுது பார்க்கும் வேலை கலத்தின் உள்ளிருந்தே நடைபெற வேண்டும் என்று கருதி வெளிப்புறத்தை வழவழப்பாக விட்டார். காரணத்தோடு பிறந்த வடிவமாதலால் அது இன்றும் மனத்தில் நிற்கிறது.

இனி நம் முதற் கேள்வியைக் கேட்போம். இக்கலத்தின் பொறிகள் உடலுக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. அவை ராக்கெட்டைப் போல் பின்னோக்கி வாயுவை உமிழ்ந்து முன்னே தள்ளினால் என்ன ஆகும்? தள்ளும் விசை கலத்தின் எடை மையத்திற்கு மேலே செல்லும். ஆகவே கலம் நேரே செல்லாது. மூக்குக் கவிழ்ந்து கரணம் போடும். திருப்புவிசையைப் படித்த முதலாண்டு மாணவரும் இதைச் சொல்லிவிடுவார். கதையோ, இப்பொறி தள்ளுவதே இல்லை என்கிறது. கலத்திற்கு முன்னுள்ள வெளியைச் சுருக்கிப் பின்னுள்ள வெளியை விரிக்கிறதாம்! இதற்கு 'வார்ப்' என்று பெயர். இது பொய்தான். ஆனால் வடிவத்தோடு பொருந்திய பொய்.

வேறொரு பொய் பணமுடையால் பிறந்தது. வாரந்தோறும் அவ்வளவு பெரிய கலம் ஒரு புதிய உலகில் இறங்குவதைப் படமாக்கச் செலவு மிகுதி. ஆகவே மனிதரைத் துகளாக்கிக் கதிராக அனுப்பி, கீழே மீண்டும் மனிதராக்கும் கருவி ஒன்றைக் கற்பித்தனர். இங்கே ஹைசன்பர்க்கின் நெறி குறுக்கே நிற்கிறது. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே நுட்பமாக அறிய இயலாது என்பது அந்நெறி. 1987இல் தொடங்கிய அடுத்த தொடரில் இதற்கென்றே 'ஹைசன்பர்க் ஈடுசெய்வி' என்று ஒரு கருவியைச் சேர்த்தனர். அது எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, மிக நன்றாக வேலை செய்கிறது என்று விடையளித்தாராம் அத்தொடரின் கலைஞர் மைக்கேல் ஒகுடா! கேட்போர் சிரிப்பர். ஆயினும் நான் அதை மதிக்கிறேன். எந்த விதியை மீறுகிறோம் என்று அறிந்து, அதன் பெயரைச் சொல்லி மீறுகிறார்கள் அல்லவா?

குலுங்கும் நாற்காலி

எடை பற்றிய இரண்டாம் கேள்வியில் இத்தொடர் சற்றுத் தடுமாறுகிறது. ஒளியின் வேகத்தில் நாலில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் எட்டுவதாகக் கொள்வோம். அது நொடிக்கு 75,000 கி.மீ. அறுபது நொடியில் இவ்வேகம் பெற வேண்டுமானால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 1,27,000 மடங்கு ஆகிறது. 60 கிலோ எடையுள்ள மாலுமியை அவருடைய நாற்காலி 7,600 டன் எடைக்குரிய விசையுடன் தள்ளும். மாலுமி இருந்த இடத்தில் ஒரு கறை மட்டுமே எஞ்சும்.

இதைத் தடுக்கவே 'நிலைம அடக்கி' என்னும் கருவியைக் கற்பித்துள்ளனர். நன்று. ஆனால் பகைவரின் குண்டு பட்டவுடன் மாலுமிகள் நாற்காலியிலிருந்து உருண்டு விழுவதைக் காண்கிறோம்! ஓர் இலட்சம் மடங்கு விசையை விழுங்கும் கருவிக்கு ஒரு சிறு குலுக்கலை விழுங்கத் தெரியவில்லை. கற்பித்த கருவியைக் கதைக்கு வேண்டும்போது மறந்துவிடுவதைத்தான் நான் குறை என்கிறேன்.

எழுபத்தைந்து ஆண்டுப் பயணம்

நான்காம் கேள்விக்கு இத்தொடரின் குடும்பத்திலேயே நல்ல சான்றும் உண்டு; தீய சான்றும் உண்டு. முதல் தொடரில் வார்ப் எண்ணின் கனமே வேகம் என்று கொண்டனர். வார்ப் 6 என்றால் ஒளியைப் போல் 216 மடங்கு. நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குழு ஏறத்தாழ 4.3 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வார்ப் 6இல் அங்கே செல்ல 7 நாள் ஆகும். சென்னையிலிருந்து கப்பலேறி ஒரு வாரத்தில் கரை சேர்வது போன்ற அளவு. பின்னர் வந்த தொடர்களில் அளவை மாற்றி, வார்ப் 10 என்பது எல்லையற்ற வேகம். அதை எவரும் எட்ட முடியாது என்று வரையறுத்தனர்.

1995இல் தொடங்கிய 'வாயேஜர்' என்னும் தொடரில் ஒரு கலம் 70,000 ஒளியாண்டுத் தொலைவில் வீசப்படுகிறது. முழு வேகத்தில் வந்தாலும் ஊர் திரும்ப 75 ஆண்டு ஆகும் என்று தலைவி கணக்கிடுகிறாள். அதாவது சராசரியாக ஒளியைப்போல் 930 மடங்கு வேகம். கதையின் சோகம் முழுவதும் இந்த ஒரு வகுத்தல் கணக்கிலே இருக்கிறது! வேகத்திற்கு எல்லை இருப்பதால்தான் பெற்றோரைக் காணாமலே மாலுமிகள் முதுமை அடைவரோ என்னும் ஏக்கம் நமக்கும் தொற்றுகிறது.

இத்தகைய தொடரில் 1996இல் ஒரு கதை வந்தது. ஒரு மாலுமி சிறு ஓடத்தில் வார்ப் 10ஐ எட்டிவிடுகிறான். அதன் விளைவாக அவன் உடல் மாறி ஒரு நீர்வாழ் உயிரினம் போல் ஆகிறான். மருத்துவர் அவனை மீண்டும் மனிதனாக்கிவிடுகிறார். அடுத்த வாரம் எல்லாரும் அதை மறந்துவிடுகின்றனர். எல்லையற்ற வேகம் கையில் இருக்கும்போது, அதன் நோய்க்கு மருந்தும் இருக்கும்போது, எழுபத்தைந்து ஆண்டுப் பயணம் எதற்கு? இக்கதையைப் பார்வையாளர் இன்றும் எள்ளி நகையாடுவதற்குக் காரணம் இதுவே. விதியை ஒரு நாள் தளர்த்தினால் அதற்கு முன் வந்த கண்ணீரெல்லாம் பொய்யாகிவிடும்.

சுழலும் நகரம்

1993இல் முன்னோட்டமாக வந்து, 1994 முதல் 1998 வரை நடைபெற்ற 'பாபிலோன் 5' என்னும் தொடரில் எடை பற்றிய கேள்விக்குச் செம்மையான விடை கிடைக்கிறது. ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி படைத்த இத்தொடரின் களம், ஏறத்தாழ 8 கி.மீ. நீளமுள்ள விண்வெளி நகரம். அந்நகரம் தன் அச்சில் சுழல்கிறது. சுழல்வதால் உள்ளிருப்பவர் புறச்சுவரையே தரையாக உணர்கின்றனர். திருவிழாக்களில் இராட்டினத்தில் ஏறியவருக்கு இது விளங்கும்.

ஆரம் 400 மீட்டர் என்று கொண்டால், தரையில் நம் உலகின் எடை கிடைக்க நகரம் 40 நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அச்சை நோக்கிப் பாதி வழி ஏறினால் எடை பாதியாகும். அச்சிலே நின்றால் எடையே இராது. சுழற்சி மிக வேகமானால் தலை சுற்றும் ஆதலால் பெரிய ஆரம் வேண்டும். நிமிடத்திற்கு 2 சுற்றுக்கு மேல் கூடாது என்று வைத்தால் ஆரம் குறைந்தது 224 மீட்டர் தேவை. எழுதுகோலும் தாளும் இருந்தால் இரண்டு வரியில் இதைக் கண்டுகொள்ளலாம்.

இத்தொடரில் வரும் சிறு போர்க்கலத்தின் பெயர் ஸ்டார்ஃப்யூரி. அதன் பொறிகள் நான்கு கைகளின் முனைகளில் இருக்கின்றன. மையத்திலிருந்து விலகி இருப்பதால் சிறு விசையும் கலத்தை விரைவாகத் திருப்பும். துரத்தி வரும் பகைவனைச் சுட வேண்டுமானால், வந்த திசையிலேயே வழுக்கிச் சென்றுகொண்டு முகத்தை மட்டும் பின்னே திருப்பிச் சுடுகிறது. காற்றில்லாத வெளியில் விமானம் போல் வளைந்து திரும்ப எதுவும் இல்லை என்பதை உணர்ந்து வரைந்திருக்கிறார்கள்.

ஆயினும் கணக்கு இங்கேயும் ஓர் இடத்தில் இடறுகிறது. நகரத்தின் எடை 25 இலட்சம் டன் என்று தொடரின் முன்னுரையில் பெருமிதத்தோடு சொல்கிறார்கள். நகரத்தில் மக்கள் வாழும் உருளையை 5 கி.மீ. நீளமும் 800 மீட்டர் விட்டமும் உடையதாகக் குறைத்தே கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 250 கோடி கன மீட்டர். அதிலே நிரம்பும் காற்றின் எடை மட்டும் 30 இலட்சம் டன்! சுவர், மக்கள், கடை, கப்பல் எதுவும் இல்லாமலே சொன்ன எடை தாண்டிவிட்டது. பெரிய எண்ணைக் கேட்டவுடன் வியந்துவிடக் கூடாது. அதை மற்றோர் எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

நிலைமாடக் கலம்

2015 முதல் 2022 வரை வந்த 'தி எக்ஸ்பான்ஸ்' என்னும் தொடர் என் உள்ளத்தைக் கவர்ந்தது. டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் ஆகிய இருவர் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்னும் புனைபெயரில் எழுதிய புதினங்களே இதற்கு அடிப்படை. இதில் வரும் கலங்கள் கடற்கப்பல் போல் கிடையாகக் கட்டப்பட்டவை அல்ல. கோபுரம் போல் நிலைமேல் நிலையாகக் கட்டப்பட்டவை. அடியில் பொறி, அதன்மேல் தளங்கள். பொறி தள்ளும்போது தளம் மாலுமியின் காலை நோக்கி எழுகிறது. மின்தூக்கி மேலே கிளம்பும் நொடியில் நாம் உணரும் எடை இதுவே. பொறி நின்றால் எல்லாரும் மிதக்கின்றனர். காந்தக் காலணியால் தரையைப் பற்றிக்கொள்கின்றனர்.

பாதி வழி வரை கலம் வேகம் கூட்டிக்கொண்டே செல்கிறது. பாதியில் தலைகீழாகத் திரும்பி, பொறியைச் செல்லும் திசை நோக்கி வைத்து வேகத்தைக் குறைக்கிறது. அப்போதும் தரை தரையாகவே இருக்கிறது. செவ்வாய் 8 கோடி கி.மீ. தொலைவில் உள்ளபோது, புவியீர்ப்பின் அளவு முடுக்கத்துடன் சென்றால் பயணம் 50 மணி நேரம். நடுவழியில் வேகம் நொடிக்கு 885 கி.மீ. நம் மங்கள்யான் 2013 நவம்பர் 5ஆம் நாள் புறப்பட்டு 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயை அடைந்தது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு, பெரும்பாலும் பொறியை நிறுத்தி, சூரியனைச் சுற்றி வளைந்து சென்றமையால் அத்தனை மாதங்கள் ஆயின. ஐம்பது மணி நேரம் என்பதற்குக் கதை கொடுக்கும் விலை என்ன?

கூட்டவும் குறைக்கவும் வேண்டிய வேகம் மொத்தம் நொடிக்கு 1,770 கி.மீ. ராக்கெட்டின் தொடக்க எடைக்கும் இறுதி எடைக்கும் உள்ள தொடர்பை 1903இல் வெளியிட்டவர் ருசிய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி. இன்றைய வேதி எரிபொருளின் வாயு நொடிக்கு 4.5 கி.மீ. அளவில் வெளியேறுகிறது. இதைக்கொண்டு மேற்சொன்ன பயணம் செய்ய, ஒரு டன் கலத்திற்கு வேண்டிய எரிபொருள் 1க்குப் பின் 170 சுழிகள் இட்டால் வரும் எண்ணுக்கு மேற்பட்ட டன்! காணக்கூடிய அண்டம் முழுவதையும் எரித்தாலும் போதாது. வெளியேறும் வேகமும் நொடிக்கு 1,770 கி.மீ. ஆனால், தொடக்க எடை இறுதி எடையைப் போல் 2.7 மடங்கு இருந்தால் போதும். அணு இணைவில் அவ்வேகம் கிடைப்பது இயற்கைக்கு முரணன்று. ஆகவேதான் கதை 'எப்ஸ்டீன் பொறி' என்னும் இணைவுப் பொறியைக் கற்பிக்கிறது.

இனி மூன்றாம் கேள்வி. கலத்தின் எடை 500 டன் என்று கொண்டால், பொறியின் ஆற்றல் 4.3 இலட்சம் கோடி வாட். கூடங்குளத்தில் உள்ளவை போன்ற 1,000 மெகாவாட் உலைகள் 4,300 சேர்ந்தால் கிடைக்கும் மின்னாற்றலுக்கு இது நிகர். இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வெப்பமாகக் கலத்துக்குள் கசிந்தாலும், நான்கு உலைகளின் மின்னாற்றல் முழுவதும் கலத்தைக் காய்ச்சும். 'விண்வெளி குளிர்ந்தது, தானே ஆறிவிடும்' என்று நினைப்பவர் தேநீர்க் குடுவையை எண்ணிப் பார்க்க. குடுவைச் சுவரின் இடையே வெற்றிடம் இருப்பதாலேயே தேநீர் ஆறுவதில்லை. வெற்றிடத்தில் வெப்பம் கதிராக மட்டுமே வெளியேற முடியும். 1,000 கெல்வின் சூட்டில் உள்ள தகடு ஒரு சதுர மீட்டருக்கு 57 கிலோவாட் வெப்பத்தை வீசும். ஆகவே இரு பக்கமும் வீசும் தகடு 200 மீட்டர் நீளமும் 190 மீட்டர் அகலமும் வேண்டும்!

தொடரில் வரும் ரோசினான்டே என்னும் கலத்தில் அப்படிப்பட்ட தகடுகளைக் காணோம். இவ்விடத்தில் அது பொய் சொல்கிறது. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் திரைப்படத்திற்கு வரைந்த கலத்தில் வெப்பத் தகடுகள் முதலில் இருந்தன. காண்போர் அவற்றை விமானச் சிறகு என்று எண்ணிவிடுவர் என அஞ்சி நீக்கிவிட்டனர். மெய்யே சில வேளை பொய் போல் தோன்றுகிறது!

ஆனால் எக்ஸ்பான்ஸ் கதை தன் ஒரே பெரும் பொய்க்கு உரிய விலையைக் கொடுத்துவிடுகிறது. அப்பொறியைக் கண்டுபிடித்த எப்ஸ்டீன், முதல் சோதனையிலேயே எதிர்பாராத முடுக்கத்தால் நாற்காலியோடு அழுத்தப்படுகிறான். பொறியை நிறுத்தக் கை நீட்ட முடியவில்லை. எரிபொருள் தீரும் வரை கலம் விரைகிறது. அவன் உயிர் போகிறது. அங்கே நிலைம அடக்கி இல்லை. பின்வந்த மாலுமிகளும் மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டே அம்முடுக்கத்தைத் தாங்குகின்றனர். சிலர் தாங்காது மடிகின்றனர். வேகம் வேண்டுமா, உடலால் விலை கொடு என்னும் விதி தொடர் முழுவதும் மாறவில்லை.

பொய் மெய்யை வளர்த்த கதை

கணக்கிட்ட கற்பனை ஆராய்ச்சிக்கும் உதவும். மெக்சிகோ நாட்டு இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஸ்டார் ட்ரெக்கின் 'வார்ப்' என்னும் சொல்லையே தலைப்பில் வைத்து, ஐன்ஸ்டைனின் பொது ஒப்புமைக் கொள்கையின்படி வெளியைச் சுருக்கி விரித்துச் செல்லும் வழி சமன்பாடுகளில் இடம் பெறுமா என்று ஆராய்ந்தார். இடம் உண்டு, ஆனால் எதிர்ம ஆற்றல் அடர்த்தி வேண்டும் என்பது முடிவு. அதைப் பேரளவில் திரட்டும் வழி எவரிடமும் இல்லை. இங்கே நான் வியப்பது வழி கிடைத்ததா என்பதையன்று. கனவின் விலை இன்னது என்று அவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார் அல்லவா? அதுவே அறிவியல்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நாளை நம்மில் பலர் வரைபடங்களில் கையொப்பம் இடுவோம். பாலம், கொதிகலன், மின்கலம், செயற்கைக்கோள் எனப் பல நம் கையொப்பத்தை நம்பி எழும். கதையில் வெப்பத் தகட்டை மறந்தால் எவர்க்கும் தீங்கில்லை. மின்கலப் பெட்டியில் வெப்பம் போகும் வழியை மறந்தால் ஒரு வீடே எரியும். 'இதன் விலை என்ன? அதைக் கொடுப்பவர் யார்?' என்று கேட்கும் பழக்கம் தேர்வு அறையில் திடீரென வந்துவிடாது. விளையாட்டாகப் பழகியவருக்கே வினையிலும் அது கைகொடுக்கும்.

ஆகவே மூன்று பயிற்சிகளை உங்கள்முன் வைக்கிறேன். ஒன்று: எண்டர்பிரைஸின் பக்கவாட்டுப் படத்தை அட்டையில் வெட்டி, நூலில் தொங்கவிட்டு அதன் எடை மையத்தைக் காண்க, தட்டின் பின்விளிம்பில் உள்ள சிறு பொறி தள்ளினால் கலம் எப்பக்கம் சாயும்? இரண்டு: செவ்வாய்ப் பயணத்தை மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்துடன் மீண்டும் கணக்கிடுக, நேரம் மூன்று மடங்கு ஆகிறதா? மூன்று: நீங்கள் விரும்பும் தொடர் ஒன்றில் உள்ள பொய்களை எண்ணி, அவற்றுள் விலை கொடுக்கப்பட்டவை எவை, கடனாக நிற்பவை எவை என்று இரு பத்தியாக எழுதுக.

விடைகளோடு அடுத்த மன்றக் கூட்டத்திற்கு வருக. வாதம் அங்கேயும் ஓயாது. ஆனால் இம்முறை ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணக்குத் தாள் இருக்கும்.